கூரையைச் சுமக்கும் பாலம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கில், கனெக்டிகட் ஆற்றின் ஒரு கரையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ் என்ற சிற்றூரும், மறுகரையில் வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சரும் இருக்கின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் மரப்பாலத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். 1796-இல் தொடங்கி அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. நான்காவதாக, 1866-இல் ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா ஃபிளெட்சரும் 9,000 டாலர் செலவில் கட்டியது இது. நீளம் ஏறத்தாழ 450 அடி. ஆற்றின் நடுவே ஒரே ஒரு தூண்தான்.

பாலத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்பவர்கள், மழைக்கு ஒதுங்கவும் பனியிலிருந்து பயணிகளைக் காக்கவும் என்று தாங்களே விடையும் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் கூரை மனிதருக்காகப் போட்டதன்று. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் மரம், பொருத்துவாய்களில் நீர் தங்கி, அங்கிருந்துதான் உளுக்கத் தொடங்கும். பாரம் தாங்கும் சட்டங்கள் நனையாதிருக்கவே கூரையும் பக்கப் பலகைகளும் மழையை ஏற்றுக்கொள்கின்றன. அவை பழுதானால் மாற்றிக்கொள்ளலாம், சட்டங்களை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பனிக்காலத்தில் சறுக்குவண்டிகள் இழுபடுவதற்காக, இத்தகைய பாலங்களுக்குள் ஆட்களை வைத்துப் பனியை அள்ளிப் பரப்பினார்கள் என்பதே, கூரை யாருக்காக என்பதற்குப் போதிய சான்று.

உள்ளே நுழைந்தால் இரு பக்கச் சுவர்களிலும் கூடை முடைந்தாற்போலக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்த சட்டங்கள் தெரியும். இந்தப் பின்னல் முறைக்கு இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்றார். அவர் பலகைகளைக் கொண்டு அமைத்ததை, டாஸ்கர் கனத்த சதுரச் சட்டங்களைக் கொண்டு, அவை சந்திக்கும் இடங்களில் வெட்டுவாய் எடுத்துப் பொருத்தினார். இதையே இப்பாலத்தின் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன். குதிரைகளை நடத்திச் செல்லாவிடில் இரண்டு டாலர் அபராதம் என்ற அறிவிப்பு நுழைவாயிலில் இன்றும் இருக்கிறது. குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் எழும் அதிர்வு மரப்பாலத்துக்கு ஆகாது.

தனியார் வசமிருந்த பாலத்தை 1936-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு வாங்கியது. 1943-இல் சுங்கம் நீங்கியது. 1987-இல் பழுது காரணமாக மூடி, பல லட்சம் டாலர் செலவிட்டுச் செப்பனிட்டு, 1989-இல் மீண்டும் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். அருகிலேயே ஒரு கான்கிரீட் பாலம் எழுப்பிவிட்டு இதைக் காட்சிப்பொருளாக நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கார்களை இதன் வழியாகவே விட்டதை மனமாரப் பாராட்டுகிறேன், ஏனெனில் நாள்தோறும் வண்டி ஓடும் பாலத்தில்தான் கூரை ஒழுகினால் உடனே ஒருவர் கவனிப்பார்.