எறிந்த பந்துக்குள் விசை இல்லை

வணக்கம் பிள்ளைகளே. எல்லோரும் நலம்தானே? இன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. மேஜைமேல் ஒரு டென்னிஸ் பந்து, ஒரு கோலிக்குண்டு, வயரிங் வேலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கேசிங் இரண்டு துண்டு, பக்கத்தில் ஒரு கேரம் போர்டு. இவ்வளவுதான். இவற்றை வைத்து ஒரே ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். அது மனதில் உட்கார்ந்துவிட்டால் நியூட்டன் விதிகளில் வருகிற குழப்பத்தில் பாதி போய்விடும்.

முதலில் ஒரு கேள்வி. இந்தப் பந்தை நேராக மேலே எறிகிறேன். இதோ, கையை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இந்த நொடியில் பந்தின்மேல் என்னென்ன விசைகள் இருக்கின்றன? காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வீடியோவை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் பந்தை வட்டமாக வரைந்து அம்புக்குறிகள் போடுங்கள்.

போட்டாயிற்றா? சரி. என்னிடம் டியூஷன் வருகிற 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் போன வாரம் இதையே கேட்டேன். பெரும்பாலானவர்கள் இரண்டு அம்புக்குறி போட்டிருந்தார்கள். கீழ்நோக்கி ஒன்று, புவியீர்ப்பு. மேல்நோக்கி இன்னொன்று, அதற்கு ‘எறிந்த விசை’ என்று பெயரும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி விளக்கமே சொன்னாள்: “எறிஞ்ச விசை கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துக்கிட்டே வரும் சார். முழுசா தீர்ந்ததும் பந்து கீழே வந்துடும்.”

எவ்வளவு தெளிவான விளக்கம் பாருங்கள். கேட்டால் யாருக்கும் சரி என்றே தோன்றும். ஆனால் தவறு. பந்து கையை விட்ட பிறகு அதன்மேல் இருப்பது ஒரே ஒரு விசை, கீழ்நோக்கிய புவியீர்ப்பு. மேலே போகும்போதும் அதேதான், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும் அதேதான், இறங்கும்போதும் அதேதான். இந்தப் பந்தின் நிறை சுமார் 58 கிராம். அப்படியென்றால் அந்த விசை சுமார் 0.57 நியூட்டன். பயணம் முழுக்க அந்த எண் மாறாது.

எப்படி நம்புவது? நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் அந்த விசையைத் தருவது யார் என்று எழுத வேண்டும். கீழ் அம்பைத் தருவது பூமி. சரி, மேல் அம்பைத் தருவது யார்? கை என்பீர்கள். கை பந்தைத் தொட்டுக்கொண்டா இருக்கிறது? கை இங்கே, பந்து அங்கே. தொடாமல் தள்ள கைக்கு வழியில்லை. ‘பந்துக்குள்ளேயே இருக்கிறது’ என்று எழுதினால் அதுவும் செல்லாது. விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குத் தருவது. ஒரு பொருள் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. சேர்த்து வைக்க முடியாத ஒன்று தீர்ந்துபோகவும் முடியாது. பெயர் எழுத முடியாத அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நம்முடைய பேச்சும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘விசையாக நடந்தான்’ என்றால் வேகமாக நடந்தான் என்று பொருள். விசைத்தறி, விசைப்படகு என்று சொல்லும்போது மின்சாரத்தையோ எஞ்சினையோ நினைக்கிறோம். வீட்டுச் சொல்லில் வேகம், வலு, இயந்திரம் எல்லாம் ஒரே விசைக்குள் அடங்கிவிடுகின்றன. அதே சொல்லை இயற்பியல் எடுத்து ஒரே ஒரு பொருளுக்குக் கட்டிப்போட்டிருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது வீட்டுப் பொருளையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வேகமாகப் போகிறது, அதனால் விசை இருக்கிறது என்று எழுதுவது அங்கிருந்துதான் வருகிறது. அதற்காக அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திட்டவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தத்துவ அறிஞர் பிலோபோனஸ், எறிகிறவன் எறியப்படும் பொருளுக்குள் ஏதோ ஒரு வலுவைப் பதித்துவிடுகிறான் என்று எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ழான் புரிடான் அதே எண்ணத்தை எடுத்து வளர்த்து, அதற்கு ‘இம்பீட்டஸ்’ என்று பெயரிட்டார். ஆக, என் மாணவி சொன்ன பதில் பெரிய மூளைகள் பல நூறு ஆண்டுகள் சொன்ன பதிலின் பக்கத்தில்தான் நிற்கிறது. அதைத் தாண்டி வர மனிதகுலத்துக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. உங்களுக்கு இரண்டு வகுப்பு பிடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எப்படித் தாண்டினார்கள்? கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். கேசிங் துண்டு இரண்டையும் ஆங்கில ‘வி’ எழுத்துபோல வைத்திருக்கிறேன், நடுவில் சேருமிடத்தில் செல்லோ டேப். இடது பக்கம் 20 செ.மீ. உயரத்தில் கோலியை வைத்து விடுகிறேன். டர்ர்ர்... இறங்கி, வலது பக்கம் ஏறுகிறது. ஸ்கேலைப் பாருங்கள், ஏறக்குறைய 17 செ.மீ. இப்போது வலது பக்கக் கேசிங்கின் அடியில் வைத்த புத்தகங்களில் இரண்டை எடுத்துவிடுகிறேன், சரிவு குறைகிறது. மறுபடி அதே 20 செ.மீ.யிலிருந்து விடுகிறேன். உயரம் கிட்டத்தட்ட அதே 17-தான், ஒரு பொட்டு குறைவு. ஆனால் அந்த உயரத்தை எட்ட கோலி எவ்வளவு தூரம் ஓடுகிறது பார்த்தீர்களா?

சரிவை இன்னும் குறைத்தால் இன்னும் தூரம். சரி, வலது பக்கத்தைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துவிட்டால்? கோலி ஏறவேண்டிய உயரம் வரவே வராது. உராய்வும் இல்லை என்று வைத்துக்கொண்டால் அது எங்கே நிற்கும்? நிற்க வேண்டிய காரணமே இல்லை. கலிலியோ இப்படித்தான் யோசித்தார். வீட்டுக் காவலில் இருந்த வயதான காலத்தில் அவர் எழுதிய நூலில் இந்த இரட்டைச் சரிவு வாதம் இருக்கிறது. 1638-இல் அந்த நூல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது என்னவென்றால், உராய்வே இல்லாத தரையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட்டார்.

1687-இல் நியூட்டன் தன் ‘பிரின்சிபியா’ நூலில் இதையே முதல் விதியாக வைத்தார். வெளியிலிருந்து விசை வந்து மாற்றாதவரை, ஓய்வில் இருப்பது ஓய்வில் இருக்கும், ஓடுவது அதே திசைவேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குணத்துக்குத்தான் நிலைமம் என்று பெயர். ஓடுவதற்கு விசை தேவையில்லை, ஓட்டத்தை மாற்றத்தான் விசை வேண்டும். இந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்போ சைக்கிளை ஏன் சார் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்?” என்று உடனே கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்தக் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறேன். விரல் தொட்டிருந்த அந்தக் கண நேரம் மட்டும் விரலின் விசை இருந்தது. பிறகு முன்னோக்கித் தள்ள யாரும் இல்லை, பலகையின் உராய்வு பின்னோக்கி இழுக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. இப்போது கொஞ்சம் போரிக் பவுடர் தூவுகிறேன். அதே அளவுதான் சுண்டினேன், ஆனால் எதிர்ப்பக்கம் மோதித் திரும்பியே வந்துவிட்டது. பவுடர் ஸ்ட்ரைக்கருக்கு விசை எதுவும் ஊட்டவில்லை. நிறுத்துகிற விசையைத்தான் குறைத்தது. சைக்கிளிலும் அப்படித்தான். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது நீங்கள் மிதிப்பது காற்றும் உராய்வும் பின்னுக்கு இழுப்பதை ஈடுகட்ட மட்டுமே. முன்னும் பின்னும் சமம், எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் வருகிற தொகுபயன் விசை சுழி.

மழையைக் கவனித்திருக்கிறீர்களா? 2 கி.மீ. உயரத்திலிருந்து விழும் துளிக்குக் காற்றே குறுக்கே இல்லையென்றால், தரைக்கு வரும்போது அதன் வேகம் விநாடிக்கு 198 மீட்டர் இருக்கும். மணிக்கு 700 கி.மீ.க்கும் மேல். குடை ஓட்டையாகிவிடும். உண்மையில் பெரிய துளிகூட விநாடிக்கு 9 மீட்டர் அளவில்தான் வந்து சேர்கிறது. வேகம் கூடக் கூட காற்றின் தடையும் கூடுகிறது, ஒரு கட்டத்தில் அது துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு துளியின் மேல் தொகுபயன் விசை சுழி. ஆனாலும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஒரே வேகத்தில். அடுத்த மழையில் கையை நீட்டும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

காற்றே இல்லாத இடத்துக்குப் போனால் இன்னும் தெளிவு. 1977 செப்டம்பர் 5-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் விநாடிக்கு ஏறக்குறைய 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து எந்த ராக்கெட்டும் தள்ளவில்லை. அதிலுள்ள சின்ன உந்திகள் ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்பி வைக்க மட்டும்தான்.

சரி, அந்த மாணவிக்கு வருவோம். பந்துக்குள் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே, அது முழுக்கப் பொய்யா? இல்லை. பந்து ஒன்றைக் கொண்டுபோகத்தான் செய்கிறது. அதன் பெயர் உந்தம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. அவள் மனதில் பிடித்தது இதைத்தான், பெயரைத்தான் மாற்றிப் போட்டுவிட்டாள். பந்து மேலே போகும்போது குறைந்துகொண்டே வருவது உந்தம், குறைப்பது புவியீர்ப்பு. விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 1 விநாடியில் திசைவேகம் சுழி, 2-ஆவது விநாடியில் அதே 9.8, ஆனால் கீழ்நோக்கி. திசைவேகம் மாறுகிற வீதமான முடுக்கம் மட்டும் ஒரு கணமும் சுழியாகவில்லை. உச்சியில் சுழி என்று எழுதித்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

நியூட்டன் இரண்டாம் விதியை உந்தத்தை வைத்துத்தான் சொன்னார், உந்தம் மாறுகிற வேகம்தான் விசை. கிரிக்கெட் பந்தைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். 160 கிராம் பந்து விநாடிக்கு 20 மீட்டரில் வருகிறது, உந்தம் 3.2. கையை விறைப்பாக வைத்து 0.01 விநாடியில் நிறுத்தினால் 320 நியூட்டன், கிட்டத்தட்ட 33 கிலோ மூட்டை உள்ளங்கையில் அமுக்குகிற மாதிரி. பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்து 0.1 விநாடி எடுத்துக்கொண்டால் வெறும் 32.

இலங்கையிலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் ‘நிறை’ என்று சொல்வது உங்கள் புத்தகத்தில் ‘திணிவு’. உங்கள் ‘நிறை’ எங்களுக்கு ‘எடை’. முடுக்கம் உங்களுக்கு ஆர்முடுகல், நிலைமம் உங்களுக்குச் சடத்துவம். இரண்டு ஊர்ப் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் ‘நிறை’ வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஆர்முடுகல் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், சொல்லும்போதே வண்டி வேகமெடுக்கிறது.

மூன்றாம் விதிக்குத் தனி வீடியோ போடுகிறேன். இன்றைக்கு ஒரு கணக்கு மட்டும். ஆட்களோடு சேர்த்து 500 கிலோ நிறையுள்ள லிஃப்ட், ஒரே சீரான வேகத்தில் மேலே போகிறது. கம்பிவடம் அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது? 4900 நியூட்டனா, அதைவிடக் கூடுதலா? உராய்வு வேண்டாம். ஃபார்முலாவுக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு பெட்டி வரையுங்கள், அம்புக்குறிகள் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தருவது யார் என்று பெயர் எழுதுங்கள். கூடுதல் என்று கை எழுதப் போனால், ஒரு நொடி நிறுத்தி, அந்த மழைத்துளியை யோசியுங்கள்.