அவரவர் கடவுளும் அய்யனார் காடும்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்து வைத்த நூலகர் அவர்களே, எனக்கு முன்னர் அருமையாக உரையாற்றிய தமிழாசிரியர் அவர்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நம் அவைத் தலைவர் இவ்வட்டாரத்தில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர். அவர் தலைமையில் பேசக் கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் குடிநீர்ப் பணிகளுக்கு இடையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் வைக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்று உண்டு. அதை உரையின் போக்கிலேயே சொல்கிறேன்.

மக்கள் கடவுளை எவ்வெவ்வாறு உணர்கிறார்கள் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். உருவமாகக் காண்போர், அருவமாகக் காண்போர், கடவுள் இல்லை என்போர் என்று மூவகையாக வைத்துப் பேசலாம் என எண்ணி வந்தேன். 'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்றார்கள் நம் முன்னோர். நான் ஏறுகின்ற மேடைகளிலெல்லாம் சொல்லும் பழமொழி அது. இன்றும் அதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அந்தக் கோயிலுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் மனிதர்கள் வேறுபடுகிறார்கள்.

தில்லைக்குச் செல்லுங்கள். சிற்றம்பலத்தில் ஆடவல்லான் திருமேனியைக் கண்குளிரக் காணலாம். அதன் அருகிலேயே ஒரு திரை தொங்குகிறது. அத்திரையை விலக்கித் தீபம் காட்டினால் தெரிவது பொன்னாலான வில்வ மாலைகளும் வெறும் வெளியும்தான். சிலை ஏதும் இல்லை. உருவமும் அருவமும் ஒரே சந்நிதியில், கையெட்டும் தொலைவில் வழிபடப்படுகின்றன. திருவண்ணாமலையிலோ மலையையே இலிங்கமாகக் கொண்டு வலம் வருகிறோம். வடலூரில் 1872-ஆம் ஆண்டு வள்ளலார் சத்திய ஞான சபையை நிறுவி, தைப்பூசத்தன்று 7 திரைகள் நீங்கச் சோதியைத் தரிசிக்கும் முறையை வகுத்தார். அதற்கு முன்னரே, 1867-இல், அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. ஒளியைக் கடவுளாகக் கண்டவர் பசித்தவர்க்குச் சோறிடுவதையே முதல் வழிபாடாக வைத்தார் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நம் கோட்டக்குப்பத்துப் பள்ளிவாசலில் தொழுவோர்க்குத் திசை உண்டு, உருவம் இல்லை. 'அவரவர் தமதமது அறிவறி வகைவகை' என்று நம்மாழ்வார் பாடினார். ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டிய வகையில் இறைவனை அடைகிறார்கள், அவ்வழிகளில் எதிலும் குறையில்லை என்று அவ்வளவு தொன்மையிலேயே ஒரு தமிழ்ப் பெரியவரால் துணிந்து சொல்ல முடிந்திருக்கிறது.

எனினும் பெருங்கோயில்களையும் பெருநூல்களையும் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனால், நம் ஊர்க்காரரின் கடவுளை நாம் பார்க்கவேயில்லை என்றாகும். முருகன் உறையும் இடங்களைத் திருமுருகாற்றுப்படை வரிசைப்படுத்தும்போது காட்டையும் சோலையையும், ஆற்றையும் குளத்தையும், நாற்சந்தியையும், பூத்த கடம்ப மரத்தையும் சொல்கிறது. அப்படிக் காட்டிலும் மரத்திலும் உறையும் கடவுள் இன்றும் நம்மிடையே இருக்கிறார். ஊர் எல்லையில், மரக்கூட்டத்துக்கு நடுவே, சுடுமண் குதிரைகள் சூழ வீற்றிருக்கும் அய்யனாராக இருக்கிறார்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்து ஊரில் நடந்தது. வெளியூரில் தொழில் செய்து நன்கு பொருளீட்டிய ஒருவர், தம் குலதெய்வமான அய்யனாருக்குக் கருங்கல் மண்டபம் கட்டித்தர முன்வந்தார். பக்தி மிக்கவர்; அவருடைய எண்ணத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் மண்டபம் எழும்ப வேண்டுமானால் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களை வெட்ட வேண்டும். ஊர் கூடியது. அப்போது கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "ஏம்பா தம்பி, சாமிக்கு வெயில் அடிக்குதுன்னு நிழல் மரத்தை வெட்டிட்டு மண்டபம் கட்டப் போறியா?" என்று கேட்டார். ஊர் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. "என் புள்ளைக்குத் தொட்டில் கட்டி வேண்டிக்கிட்ட மரம் அது. அதுலதான் சாமி இருக்குது" என்றார்.

வாக்குவாதம் முற்றியது. இறுதியில், பூக்கட்டிப் பார்த்து அய்யனாரிடமே உத்தரவு கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை ஒரு வெற்றிலையிலும் மடித்துச் சாமிக்கு முன் வைத்தார்கள்; வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பூ வந்தது! செல்வந்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூதாட்டி தலைகுனிந்து அமர்ந்துவிட்டார். அப்போதுதான் பூசாரி வாய் திறந்தார். "கட்டிக்கச் சொல்லி உத்தரவு ஆயிடுச்சு. எந்த மரத்தை வெட்டணும்னு சாமி இன்னும் சொல்லலையே! ஒவ்வொண்ணாக் கேட்டுடலாம்" என்று மீண்டும் வெற்றிலையை மடித்தார். முதலில் வாசலோர நாவல் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார், சிவப்பு. அடுத்து மூதாட்டியின் தொட்டில் மரம், அதற்கும் சிவப்பு. மூன்றாவதாக ஒரு வாகைக்கு வெற்றிலை மடிக்கும்போது, செல்வந்தர் தாமே முன்னே வந்து பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போதுங்க, சாமி மனசு தெரிஞ்சுபோச்சு" என்றார். மண்டபம் சாலையோரத்தில், வெட்டவெளியில் எழுந்தது. நடந்து வருவோர் இன்று அதில் இளைப்பாறுகிறார்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். செல்வந்தரின் கடவுள் காணிக்கையை ஏற்கும் அரசர். மூதாட்டியின் கடவுள் மரத்திலேயே உறைபவர். பூசாரியின் கடவுள் கேட்டால் பதில் சொல்பவர். ஒரே அய்யனார், மூவருக்கும் மூன்று விதமாக விளங்கினார்; மூன்றும் மெய்யான பக்தியே. என் மனம் மூதாட்டியின் பக்கம் சாய்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்ற அந்தப் பழமொழியை நம் கோயில்காடுகளில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காட்டை உங்களில் பலர் அறிவீர்கள். ஒருகாலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகப் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. கோடையிலும் இலையுதிர்க்காத மரங்களும் அவற்றைச் சுற்றிப் படர்ந்த முதிர்ந்த கொடிகளும் அங்கே தப்பிப் பிழைத்திருப்பதற்குக் காரணம், அய்யனார் காட்டில் அரிவாள் வைக்கக்கூடாது, சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்று நம் மக்கள் கொண்டிருந்த அச்சமும் அன்பும்தான். வேலியும் காவலாளும் இன்றிக் காடு காக்கப்பட்டது.

அந்த அச்சம் இப்போது குறைந்து வருகிறது. சிமெண்டுத் தரையும் தகரக் கொட்டகையும் காட்டுக்குள் நுழைகின்றன. சீமைக் கருவேலம் ஓரங்களைப் பிடிக்கிறது. சாலை அகலும்போதெல்லாம் காடு சுருங்குகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை, ஏறத்தாழ 5 எக்டேர் பரப்புள்ளதை, 2025-இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிரினங்களுக்காகக் காக்கப்பட வேண்டிய இடமாக, அறிவித்தது. மதுரை அரிட்டாபட்டிக்கு 2022-இலேயே அந்தச் சிறப்புக் கிடைத்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சிகளைக் கலந்துதான் அரசு இத்தகைய அறிவிப்பைச் செய்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. ஆகவே நம் ஊர்க் காட்டுக்கான முதல் குரல் நம் ஊரிலிருந்தே எழ வேண்டும்.

அம்மையார் அவர்களே, நான் சொன்ன விண்ணப்பம் இதுதான். ஆகஸ்டு 15 கிராம சபையில் நம் அய்யனார் காட்டை அளந்து எல்லைக்கல் நடவும், பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோரவும் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கடவுள் மறுப்பாளர்களான என் நண்பர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களும் இதில் என்னோடு நிற்பதாக உறுதியளித்திருக்கிறார்கள். அவர்களுடைய கொள்கையைப் பற்றிப் பேச நேரம் இல்லாவிட்டாலும், நம்பிக்கையில் வேறுபட்டவர்கள் ஒரு காட்டுக்காக ஒன்றுசேர்வது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது.

தீர்மானத்தின் வரைவை எழுதி, நூலக வாயிலில் உள்ள மேசைமீது வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் கையெழுத்திட வேண்டுமென விரும்புகிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் படித்துக் காட்டுவார்கள். வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி, வணக்கம்.