தவறான நம்பருக்குக் காசு போய்விட்டதா? உடனே செய்ய வேண்டியது இதுதான்

[திரை: வெள்ளவத்தை, காலி வீதி. ஒரு பெண் போனைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.]

வணக்கம். மட்டக்களப்பில் இருக்கும் அம்மாவுக்கு போன் வழியாக 5,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். 077க்குப் பின்னால் வரும் ஏழு இலக்கங்களில் ஒன்று மாறிவிட்டது. காசு போய்விட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது, அம்மாவுக்கோ ஒன்றும் வரவில்லை.

அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். அதில் உள்ள பரிவர்த்தனை இலக்கத்தோடு, அந்தச் சேவையை நடத்தும் போன் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு உடனே அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

ஏன் இந்த அவசரம்?

[திரை: இரண்டு போன்கள், நடுவில் ஒரு வங்கி.]

ஈஸி கேஷ், எம்கேஷ் போன்ற, போனில் காசு அனுப்பும் சேவைகளில் நாம் போடும் காசு ஒரு வர்த்தக வங்கியில், அதற்கென்றே வைத்த கணக்கில் இருக்கிறது. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பும்போது கம்பனியின் பதிவில் உங்கள் பக்கம் குறைந்து, மற்றவர் பக்கம் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த மற்றவர் தொடாதவரை அதைத் தடுத்து வைக்க வழி உண்டு. அவர் முகவர் கடையில் காசாக எடுத்துவிட்டாலோ, கரண்ட் பில் கட்டிவிட்டாலோ, தடுக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

"என் காசுதானே, உடனே திருப்பி எடுத்துத் தாங்களேன்" என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் புறக்கோட்டையில் ஒருவர் சாமான் வாங்கிக் காசு அனுப்பிவிட்டு, வெளியே வந்து "தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்று சொன்னால்? கடைக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் காசைத் திருப்பி எடுக்கும் முன், அது யாருக்குப் போனதோ அவரின் சம்மதத்தைக் கம்பனி கேட்கிறது.

நீங்களும் அவருக்கு அழைத்துப் பேசலாம். மரியாதையாகப் பேசுங்கள், மிரட்ட வேண்டாம். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். உங்கள் இரகசிய PIN நம்பரையோ, போனுக்கு வரும் ஒருமுறை இலக்கமான ஓடிபியையோ (OTP) யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, அவர் தர மறுத்தால்? சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். அடுத்தவர் பணம் என்று தெரிந்தும் நேர்மையற்ற எண்ணத்தோடு செலவழிப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வாங்கி வையுங்கள். அந்த சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பதைக் கம்பனி உங்களிடம் சொல்லாது. விசாரணை என்று வந்தால் அந்த விவரம் வெளியே வரும்.

கம்பனியே இழுத்தடித்தால், முதலில் அவர்களுக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அப்புறம் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். அவசர இலக்கம் 1935. தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

[திரை: போனில் புது எஸ்எம்எஸ்.]

இதையே திருப்பிப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்களுக்குத் தவறுதலாகக் காசு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பார்கள். அதற்கு முன் ஒரு போலி எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் உங்கள் மீதியைப் பாருங்கள். காசு உண்மையிலேயே வந்திருந்தால் அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு, நீங்களே கம்பனிக்கு அழைத்து அவர்கள் வழியாகவே திருப்பிக் கொடுங்கள். அழைத்தவர் எவ்வளவு அழுதாலும் அவர் சொல்லும் வேறு நம்பருக்கு அனுப்பாதீர்கள்.