நீலக் கோட்டிலிருந்து வலை வரை: மொரீஸ் ரிஷாரின் ஆட்டம்

அவையோருக்கு வணக்கம்.

மொரீஸ் ரிஷார் என்றதும் கனடாவில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1955ஆம் ஆண்டுக் கலவரம்தான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசும் மக்களின் அடையாளம் அவர் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரோ, தான் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரன் மட்டுமே என்று சொல்லிவந்தார். அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, இன்று அவருடைய ஆட்டத்தைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

1921இல் மான்ட்ரியலில் பிறந்தார். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. மகன் இயந்திரத் தொழில் கற்றார். 1942இல் தேசிய ஹாக்கி லீகில் (NHL) ஆடும் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு வந்தவருக்குப் பதினாறாவது ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. அதற்கு முன்பும் எலும்பு முறிவுகள் உண்டு. இவன் உடம்பு இந்த ஆட்டத்தைத் தாங்குமா என்று அணிக்குள்ளேயே ஐயம் எழுந்தது. அடுத்த பருவத்தில் அவருக்கு மகள் பிறந்தாள், எடை ஒன்பது பவுண்டு. சட்டை எண்ணை ஒன்பதாக மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினார். அந்த எண்ணுடன்தான் கடைசிவரை ஆடினார்.

பயிற்சியாளர் டிக் இர்வின் அவரை எல்மர் லாக், டோ பிளேக் ஆகிய இருவருடன் சேர்த்து முன்வரிசையில் நிறுத்தினார். 1944 மார்ச்சில் டொரன்டோவுடன் நடந்த அரையிறுதி ஆட்டமொன்றில் மான்ட்ரியல் 5-1 என்று வென்றது. அந்த ஐந்து கோல்களும் ரிஷார் அடித்தவை. ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூன்று ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிப்பது வழக்கம். அன்று மூன்று இடங்களுக்கும் ஒரே பெயரைத்தான் அறிவித்தார்கள்.

அவர் எப்படி ஆடினார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மட்டையை உடலின் இடப்பக்கமாகப் பிடித்து அடிப்பவர் அவர். ஆடியதோ வலப்பக்க ஓரத்தில். அந்த ஓரத்தில் பனிமேல் சறுக்கிவரும்போது மட்டை மைதானத்தின் நடுப்பக்கம் இருக்கும். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்தைக் காட்டும் நீலக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று உள்ளே வெட்டித் திரும்பினால், கோல் வாய் முழுவதும் அவருக்கு முன்னே விரிந்துவிடும். தடுப்பாட்டக்காரர் கையால் பிடித்தாலும் முதுகில் சாய்ந்தாலும் அவர் நிற்கமாட்டார். 1945இல் டெட்ராய்ட் அணியின் பருத்த தடுப்பாட்டக்காரர் ஏர்ல் சைபர்ட் அவர் தோள்மேல் தொற்றிக்கொண்டார். அவரைச் சுமந்தபடியே வலைவரை போய் கோல் அடித்தார் ரிஷார். அந்தக் கடைசிச் சில அடிகளில் அவருடைய கண்கள் தீயாய்க் கனன்றதைப் பற்றி எதிரணி கோல்கீப்பர்கள் காலமெல்லாம் பேசினார்கள்.

1944 டிசம்பர் 28 அன்று அவர் வீடு மாறினார். பியானோ உட்படத் தட்டுமுட்டுச் சாமான்களைப் பகலெல்லாம் தூக்கிச் சுமந்துவிட்டு, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரவு ஆட்டத்துக்கு வந்தார். ஐந்து கோல் அடித்தார். இன்னும் மூன்று கோல்களுக்கு வழிசெய்து கொடுத்தார். டெட்ராய்ட் 9-1 என்று தோற்றது. அந்தப் பருவத்தில்தான் ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் என்ற சாதனை பிறந்தது. ஐம்பதாவது கோல் பாஸ்டனில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வந்தது. போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் முடிந்தது என்று குறைசொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை எனக்கு நியாயமாகப் படவில்லை. எல்லோரும் திரும்பி வந்தபின், 1946-47இல் அவர் 45 கோல் அடித்து, லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் பெற்றார்.

இனி அந்தக் கலவரம். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் எதிரணி ஆட்டக்காரர் ஹால் லேகோவின் மட்டை பட்டு ரிஷாரின் தலை கிழிந்தது. அவர் திருப்பித் தாக்கினார். தன்னைப் பிடித்து நிறுத்திய கோட்டு நடுவரையும் அடித்தார். அடித்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் எஞ்சிய பருவத்துக்கும், லீகின் வெற்றியாளருக்கான ஸ்டான்லி கோப்பைச் சுற்றுக்கும் சேர்த்தே தடை விதித்தார். முதலாளிகளும் மேலாளர்களும் ஆங்கிலம் பேசுபவர்களாகவும் தொழிலாளர்கள் பிரெஞ்சு பேசுபவர்களாகவும் இருந்த மான்ட்ரியலில் இதை ஒரு விளையாட்டுத் தண்டனையாக மட்டும் எவரும் பார்க்கவில்லை. மார்ச் 17 அன்று கேம்ப்பெல் மான்ட்ரியல் அணியின் ஃபோரம் அரங்கில் வந்து உட்கார்ந்தார். முட்டையும் தக்காளியும் பறந்தன, கண்ணீர்ப் புகைக்குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது. செயின்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்தினார். கோல் அடித்ததற்கும் கோலுக்கு வழிசெய்ததற்கும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளிகளில், அந்த ஆண்டின் அதிகப் புள்ளிகளுக்கான பரிசு ஒரே ஒரு புள்ளியில் அவர் கையைவிட்டு நழுவி, சக ஆட்டக்காரர் பெர்னி ஜெஃப்ரியனிடம் போனது. அந்தப் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. பழைய தோழர் டோ பிளேக் பயிற்சியாளராக வந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகள். கடைசி நான்கில் அணித்தலைவர் ரிஷார். 1957 அக்டோபரில், 500 கோல் அடித்த முதல் ஆட்டக்காரர் ஆனார். அடுத்த மாதமே சறுக்குக் காலணியின் கத்தி அவருடைய குதிகால் தசைநாரை வெட்டியது. 36 வயதில் இப்படி ஒரு காயம் பட்டால் பெரும்பாலோர் விலகிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து அந்தக் கோப்பைச் சுற்றின் பத்து ஆட்டங்களில் பதினோரு கோல் அடித்தார்.

1960இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 978 ஆட்டங்களில் 544 கோல்கள் இருந்தன. அந்த எண்ணிக்கையை மூன்றே ஆண்டுகளில் டெட்ராய்ட் ஆட்டக்காரர் கார்டி ஹவ் கடந்தார். ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் என்பதை எட்ட மட்டும் இன்னொருவருக்கு 1981 வரை ஆனது. அந்த மைக் பாசியும் மான்ட்ரியலில் பிறந்தவர்தான். அவரும் வலப்பக்க ஓரத்து ஆட்டக்காரர்.