அழற்சி உடம்புக்குக் காவலா, கேடா? – ‘காவலே’ அணியின் உரை

நடுவர் ஐயா, கோத்தகிரி மக்களே, வணக்கம். குளிர் ஜாஸ்தி, நேரம் கம்மி. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணி டீச்சர் போறபோக்குல சொன்னாங்க: “வெள்ளணுங்கிறது தேயிலைத் தோட்டத்துல புகுந்த காட்டெருமை. வேலியையும் பிய்க்கும், செடியையும் மிதிக்கும்.” நீங்களும் கை தட்டினீங்க. தட்டின கையில ஒரு முள் ஏறட்டும், அப்புறம் பேசுவோம்!

கவாத்து வெட்டுறப்போ விரல்ல முள் ஏறுது, கூடவே கிருமியும். தோலுக்கடியிலேயே குடியிருக்கிற மேக்ரோஃபேஜ்ங்கிற விழுங்கும் செல் கிருமியை அடையாளம் கண்டு டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1ன்னு ரெண்டு அபாயச் சேதிப் புரதங்களைச் சுரக்குது. பக்கத்துல இருக்கிற மாஸ்ட் செல்ங்கிற இன்னொரு காவல் செல் சில நிமிஷத்துல ரத்தக்குழாயை விரிக்கிற ஹிஸ்டமினைக் கொட்டுது. ரத்தக்குழாய் விரிஞ்சா சிவப்பு, சூடு. நீர் கசிஞ்சா வீக்கம். பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனங்கள் சேர்ந்தா வலி. இந்த நாலும் சேர்ந்ததுதான் அழற்சி.

இப்போ அந்தக் காட்டெருமை. டீச்சர், அது கேட்டைத் தட்டிட்டா வரும்? முதல்ல ஓடி வர்ற வெள்ளணுவான நியூட்ரோஃபில், கதவு திறந்தாத்தான் வரும். நுண்சிரைங்கிற குட்டி ரத்தக்குழாயோட உள்சுவர் முதல்ல செலக்டின்ங்கிற பிடிமானப் புரதத்தை நீட்டும். நியூட்ரோஃபில் அதைத் தொட்டுத் தொட்டு உருளும், வேகம் குறையும். ‘இங்கே வா’ன்னு கூப்பிடுற கீமோகைன் சேதி வந்தாத்தான் அதோட மேல இருக்கிற இன்டெக்ரின்ங்கிற கொக்கிப் புரதம் இறுகும், அது நிக்கும். அப்புறம்தான் ரெண்டு செல்லுக்கு நடுவுல உடம்பை ஒடுக்கி நெளிஞ்சு வெளியே போகும். மூணு சோதனை! எந்தக் காட்டெருமைங்க குஞ்சப்பனை செக்போஸ்ட்ல இ-பாஸ் காட்டிட்டு ஊருக்குள்ள வருது? காட்டுங்க, நானே எதிரணிக்கு வந்துடறேன்!

“உள்ளே போய் மிதிக்குதே?” மிதிக்குது. அது கொட்டுற எலாஸ்டேஸ்ங்கிற நொதி நல்ல திசுவையும் அரிக்கும். ஆனா வேலை முடிஞ்சா நியூட்ரோஃபில் தானா மடியும், மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிச் சுத்தம் பண்ணும். முள் உள்ளேயே கிடந்தாத்தான் வம்பு: ஆள் வந்துகிட்டே இருக்கும், சீழ் கட்டும். முள்ளை எடுக்காம வீக்கத்தைத் திட்டி என்ன பிரயோசனம்?

1882-ல இத்தாலியில இருக்கிற மெசினாவுல, விஞ்ஞானி மெட்ச்னிகாஃப் செஞ்சதும் இதே முள் வேலைதான். கண்ணாடி மாதிரித் தெரியுற நட்சத்திரமீன் லார்வாவுல ரோஜா முள்ளைக் குத்திட்டு ராத்திரி முழுக்கத் தூங்கல. காலையில பார்த்தா, முள்ளைச் சுத்திச் செல்கள் மொய்ச்சு நிக்குது! 1908-ல நோபல்.

ஐயா, அந்த இன்டெக்ரின் குறையோட பிறக்கிற குழந்தைகள் இருக்காங்க. ரத்தத்துல வெள்ளணு ஏராளம். குழாயை விட்டு வெளியே வர வழியில்ல. ரெண்டு வாரத்துக்குள்ள விழ வேண்டிய தொப்புள்கொடி மூணு வாரம் தாண்டியும் விழாது. தொப்புள் புண்ணாகும், ஒரு சொட்டுச் சீழ் வராது. ஊர்த் தாய்மார் எல்லாம் சீழைப் பார்த்துப் பதறுவாங்க. இந்தத் தாய் மட்டும் பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, “கொஞ்சம் சீழாவது வராதா சாமி”ன்னு காத்துக் கிடப்பா. வீங்கினா, சிவந்தா, என் பிள்ளை பொழைச்சுக்குமேன்னு ஏங்குவா.

தீர்ப்பு எழுதுறப்போ அவளை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க ஐயா. மணி அடிச்சுட்டாங்க. வணக்கம்.