கையெழுத்துக்குப் பின் 30 நாள்

வணக்கம். மேடையில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக வணக்கம் சொன்னால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும். எல்லோருக்கும் சேர்த்து ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது அமெரிக்காவின் ஹிஸ்பானிக் டாக்டர்களையும் அவர்கள் அமைத்த சங்கங்களையும் பற்றி.

1980இல் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். கியூபாக் குடும்பம். சாப்பிட்டது ஏதோ சேரவில்லை என்று நினைத்து, ஆஸ்பத்திரியில் ‘இன்டாக்சிகாதோ’ என்றார்கள். அவர்கள் பேசும் ஸ்பானிஷில் அதற்கு அதுதான் பொருள். ஆங்கிலக் காதில் அது போதை என்று விழுந்தது. போதைமருந்துக்கான வைத்தியமே நடந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்று தெரியவர இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கை கால் நான்கும் செயலிழந்து போயின.

ஹிஸ்பானிக் என்பது மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா என்று ஸ்பானிஷ் வழங்கும் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பத்தினருக்குச் சேர்த்து வைத்த பெயர். அது பிடிக்காதவர்கள் அவர்களுக்குள்ளேயே உண்டு. 2020 சென்சஸ்படி அமெரிக்காவில் அவர்கள் சுமார் 6 கோடியே 20 லட்சம் பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். டாக்டர்களிலோ, 2018 கணக்கில், நூற்றுக்கு ஆறு பேர்கூடத் தேறவில்லை.

சரி, சங்கத்துக்கு வருவோம். சங்கம் என்றால் நமக்குச் சந்தாவும் ஆண்டு மலரும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வரும். டெக்சாஸில் ஹெக்டர் கார்சியா என்ற டாக்டர் தொடங்கியது வேறு ரகம். மெக்சிகோவில் பிறந்தவர், மூன்று வயதில் குடும்பத்தோடு எல்லை தாண்டியவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ டாக்டராக இருந்துவிட்டு, 1946இல் கார்பஸ் கிறிஸ்டியில் கிளினிக் திறந்தார். வந்தவர்களில் பலர் முன்னாள் சிப்பாய்கள். அரசு வாக்களித்த மருத்துவ உதவி அந்த மெக்சிகோ வம்சாவளியினருக்கு ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை. 1948 மார்ச்சில் அவர்களைக் கூட்டி ‘அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம்’ அமைத்தார். ஜி.ஐ. என்றால் அங்கே சிப்பாய். டாக்டர் ஆரம்பித்தார், உறுப்பினர்கள் நோயாளிகள்!

மறு ஆண்டே சோதனை வந்தது. பிலிப்பைன்ஸில் உயிர்விட்ட ஃபெலிக்ஸ் லொங்கோரியா என்ற சிப்பாயின் உடல் ஊர் வந்தபோது, இறுதிச்சடங்குக் கூடத்தைத் தர மறுத்தார்கள். வெள்ளையர்களுக்குப் பிடிக்காதாம். கார்சியா தலைவர்களுக்குத் தந்தி அடித்தார். அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் ஏற்பாடு செய்து, 1949 பிப்ரவரியில் ராணுவ வீரர்களுக்கான ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் லொங்கோரியா அடக்கம் செய்யப்பட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அப்புறம் ஹெலன் ரோட்ரிகெஸ்-ட்ரியாஸ். எனக்கு இவர்மேல் கொஞ்சம் அதிகமாகவே பிரியம், மறைக்கவில்லை. நியூயார்க்கில் பிறந்து போர்ட்டோ ரிக்கோவில் மருத்துவம் படித்த குழந்தை மருத்துவர். 1965இல் எடுத்த கணக்கில், அந்தத் தீவில் 20 முதல் 49 வயதுவரையான தாய்மார்களில் மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை அறுவை நடந்திருந்தது. ஊர்ப்பேச்சில் அதற்குப் பெயர் ‘லா ஒபெராசியோன்’, ‘அந்த ஆபரேஷன்’, அவ்வளவுதான். பெயர் சொல்லத் தேவையில்லாத அளவுக்குச் சகஜம்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்னும் மோசம். பிரசவ வலியில் கிடந்த மெக்சிகோப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். சிசேரியனோடு சேர்த்துக் கருக்குழாயையும் கட்டியாயிற்று. சிலருக்குப் பிறகுதான் விஷயமே தெரிந்தது. உள்ளேயிருந்த ஒரு இளம் டாக்டர் தகவலை வெளியே கொண்டுவந்தார். 1975இல் பத்துப் பெண்கள் வழக்குப் போட்டு, 1978இல் தோற்றார்கள். பேச்சுப் புரியாமல் நேர்ந்த கோளாறு என்பது நீதிபதியின் முடிவு. அதே எழுபதுகளில் நம் நாட்டிலும் நெருக்கடிநிலைக் காலக் கருத்தடை முகாம்கள் நடந்தன என்பதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஹெலன் நியூயார்க்கில் மற்றவர்களோடு சேர்ந்து, கருத்தடைக் கொடுமையை ஒழிக்க ஒரு குழு அமைத்தார். கேட்டது இரண்டே: நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்கம், கையெழுத்துக்கும் கத்திக்கும் நடுவே 30 நாள். முதலில் நியூயார்க் நகரம் ஏற்றது, எழுபதுகளின் முடிவில் அமெரிக்க மத்திய அரசும் விதியாக்கியது. எதிர்த்தவர்களில் டாக்டர்களே கணிசமான பேர். பிறகு 1993இல் ஹெலன் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், அவர்.

1994இல் வாஷிங்டனில் தேசிய ஹிஸ்பானிக் மருத்துவச் சங்கம் வந்தது. டாக்டர் எலெனா ரியோஸ் அதை நெடுங்காலம் நடத்தினார். ஐம்பதாயிரம் டாக்டர்களின் குரல் என்று சொல்லிக்கொள்கிறது. மாநாடு, மாணவர்களுக்கு வழிகாட்டல், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசுவது எல்லாம் உண்டு. வேண்டிய வேலைதான். ஆனால் விருது விழா போட்டோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கார்சியாவின் தந்திதான் ஞாபகம் வருகிறது.

அந்த 30 நாள் விதி இன்றும் இருக்கிறது. அரசுக் காப்பீட்டில் வரும் ஏழைப் பெண், தானே விரும்பி ஆபரேஷன் கேட்டாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தனியார் காப்பீடு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. இது அநியாயம் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. எதை விட்டாலும் படிவத்தில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. நோயாளி கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே, படித்துச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் எந்த மொழியில் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்திட ஒரு இடம் விட்டிருக்கிறார்கள்.