தனியாகப் போராட வேண்டாம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, உங்கள் யாவருக்கும் என் அன்பின் வாழ்த்துகள். பாலியல் அடிமைத்தனத்தைப் பற்றி, குறிப்பாக ஆபாசக் காணொளிகளிலிருந்து விடுபட முடியாமல் தவிக்கிற விசுவாசிகளைப் பற்றி, இந்தப் பதிவில் ஒளிவுமறைவில்லாமல் பேசப் போகிறேன். பிள்ளைகள் அருகில் இருந்தால், தயவுசெய்து பிறகு தனியாகக் கேளுங்கள்.

ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு தங்களை ஒப்புக்கொடுத்து, வாரத்தின் நடுவிலேயே மறுபடியும் விழுந்து, "ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரோ" என்று கலங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இந்தப் போராட்டம் உங்களையும் தேவனையும் தவிர வேறு யாருக்காவது தெரியுமா? அநேகமாக மௌனம்தான் பதிலாக வரும். உபவாசம் இருந்திருப்பார்கள், பொருத்தனை செய்திருப்பார்கள், போனிலிருந்த செயலிகளையெல்லாம் அழித்திருப்பார்கள். ஆனால் அத்தனையையும் தனியாகவே செய்திருப்பார்கள். இந்த அடிமைத்தனம் உயிரோடு இருப்பதே இரகசியத்தினால்தான் என்பதால், இரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதை ஜெயிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இச்சை தலைதூக்குகிற ஒவ்வொருவரும் அடிமைப்பட்டவர் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. பொதுவாக 6 மாதமோ அதற்கு மேலோ ஒருவர் தம் உந்துதலை அடக்க முடியாமல், குடும்பமோ வேலையோ உடல்நலமோ பாதிக்கப்பட்ட பிறகும், அல்லது அதில் இன்பமே இல்லாமல் போன பிறகும் தொடர்ந்தால் அதைக் கோளாறாகக் கருதலாம் என்கிறது. ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்வால் மட்டும் வரும் மனவேதனை அதற்குப் போதாது என்றும் சொல்கிறது. வாலிபப் பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். பாவம் பாவம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆனாலும் சோதனைக்கு உட்பட்டதாலேயே உங்களுக்கு நீங்களே நோயாளி என்று பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

அடிமைப்பட்டவரின் ஓர் இரவைப் பாருங்கள். பகல் முழுவதும் வேலையில் அவமானம், அல்லது வீட்டில் ஒரு வாக்குவாதம், அல்லது காரணமே தெரியாத வெறுமை. எல்லாரும் தூங்கிய பின் அறைக்கதவு சாத்தப்படுகிறது. வந்த செய்திகளை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று போனைக் கையில் எடுக்கிறார். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறார். உண்மையில் அந்த இடத்திலேயே தீர்மானம் நடந்துவிட்டது; மீதியெல்லாம் அதன் தொடர்ச்சி. "அவனவன் தன்தன் சுயஇச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்று யாக்கோபு எழுதியதும் இப்படிப் படிப்படியாக நடப்பதைத்தான். ஆகவே, போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும் என்று நான் சொல்லும்போது அதை விசுவாசக் குறைவாக எண்ண வேண்டாம். போத்திபாரின் மனைவி பாவத்துக்கு அழைத்து வஸ்திரத்தைப் பிடித்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான்.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது, யாரிடம் ஓடுவது என்பதும் முக்கியம். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற வசனத்தை நாம் சரீர வியாதிக்கான ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், அறிக்கையிடுதலை விட்டுவிடுகிறோம். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீனுடைய வாழ்க்கையில், இதைக் குறித்து எனக்கு மிகவும் ஆறுதலான ஓர் இடம் உண்டு. கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளமையில் ஜெபித்த அவர், 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில், "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்ற ரோமர் 13ஆம் அதிகாரத்து வார்த்தையை வாசித்து மனந்திரும்பினார். அந்தத் தோட்டத்தில் அவருடைய நண்பர் அலிப்பியுஸ் இருந்ததை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. அகஸ்தீன் தமக்கு நேர்ந்ததை உடனே அவரிடம் சொன்னார். அலிப்பியுஸ் அடுத்த வசனத்தை வாசித்தார்: "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்." அதைத் தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து அகஸ்தீனின் தாய் மோனிக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

உங்கள் அலிப்பியுஸ் உங்களைப் போலவே ஆணாகவோ பெண்ணாகவோ, ஆவிக்குரிய முதிர்ச்சியுள்ளவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். அவரிடம் "எனக்கு ஒரு பலவீனம் உண்டு, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அறிக்கை அல்ல. எதைப் பார்க்கிறீர்கள், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் என்பதைச் சொல்லுங்கள். விழுந்தால் அன்றைக்கே அவரை அழையுங்கள். வெட்கம் தணியட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியில் இன்னும் பலமுறை விழுவீர்கள்.

திருமணம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்கிறவர்களை நான் வன்மையாக மறுக்கிறேன். ஒரு பெண்ணையோ ஆணையோ மற்றவருடைய அடிமைத்தனத்திற்கு மருந்தாகக் கொடுப்பது அநியாயம். ஏற்கெனவே மணமானவர்கள் துணையிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முன்னனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரின் உதவியோடு, கேட்கிறவரின் காயத்திற்கும் இடம் கொடுத்துச் சொல்லுங்கள், உடனே மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். வேறொருவருக்கு, அதிலும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், அது ஜெபக்குழுவில் பேசி முடிக்கிற காரியம் அல்ல. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பும் சட்டமும் முதலில் வர வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போவதற்கும் தயங்காதீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் இதோடு சேர்ந்தே இருப்பது உண்டு, அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இதை ஒருவர் உங்களிடம் நடுங்கிக்கொண்டு சொல்லும்போது உங்கள் முகம் மாறினால், அவர் இன்னொரு மனிதரிடம் வாய் திறக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அவருடைய பெயரைச் சொல்லாவிட்டாலும், அவருடைய கதையை அடுத்த வாரப் பிரசங்கத்துக்கு உதாரணமாக்காதீர்கள். ஜெபித்து அனுப்பிவிடாமல், அடுத்த சந்திப்புக்கு நாளையும் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொடுங்கள்.